டிரிஃப்ட் பாதி வளைவிலேயே அறுந்துபோகிறது, உதவி தேவை (அவசரம்)

வளைவுப்பித்தன்:
பின்சக்கரத்தை வழுக்கவிட்டே வளைவை முழுக்க எடுக்கும் டிரிஃப்டோடு மூன்று வாரமாக முட்டிக்கொண்டிருக்கிறேன். ஹேண்ட்பிரேக் இழுத்ததும் வால் நன்றாகவே விலகுகிறது, எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கை ஒடிக்கிறேன், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறேன், எஞ்சின்தான் ஓவென்று அலறுகிறதே தவிர வண்டி பாதி வளைவில் நிமிர்ந்துவிடுகிறது. சில நேரம் அதோடு விடாமல் மறுபக்கம் வெடுக்கென்று வீசுகிறது. மூடிய திடலில்தான் ஓட்டுகிறேன், அந்த அறிவுரை வேண்டாம். நாளைக் காலை மறுபடி போகணும், சீக்கிரம் சொல்லுங்கள்.

எண்ணெய்க்கை:
எந்த வண்டி? பின்சக்கர டிரைவா? இரண்டு பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் (டிஃப்) என்ன வகை? எந்த கியர்? வைத்தியரிடம் போய் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் எங்கே கை வைப்பார்?

காற்றாடி:
பின் டயரில் காற்று எவ்வளவு? கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் காற்றில்தான் இருக்கும்.

பழம்பெருச்சாளி:
மாதம் மும்மாரி பொழிகிற கேள்வி இது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்க ஒருத்தருக்கும் கை வராது. தம்பி, டிரிஃப்ட் கையில் இல்லை, காலில் இருக்கிறது. கிளட்சைச் சட்டென்று மிதித்து, எஞ்சினை ஏற்றி, பட்டென்று விட்டால் பின்சக்கரத்துக்கு ஓர் அடி விழும், பிடி அறும். அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். ஹேண்ட்பிரேக் கைக்குழந்தைகளுக்கு.

எண்ணெய்க்கை:
கைக்குழந்தைகளா? இரண்டு வண்டிகள் ஒட்டி ஓடும் சுற்றில் முன்வண்டியை இடிக்காமல் வேகத்தைக் குறைக்க ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக்தான் இழுக்கிறார்கள், போட்டி வண்டி ஒன்றின் உள்ளே எட்டிப் பாருங்கள்.

நழுவல்மன்னன்:
ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வால் விலகும்போது முன்சக்கரங்கள் வண்டி போகும் திசைக்குத் தாமாகவே திரும்பப் பார்க்கும், முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு, அதாவது கேஸ்டர் கோணம், செய்யும் வேலை அது. கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானே ஓடும், சரியான இடத்தில் பிடித்து நிறுத்துவதுதான் நம் வேலை. மறுபக்கம் வீசுவதற்கும் காரணம் இதுதான்: பின் டயர் பிடி திரும்பும் நேரத்தில் சக்கரம் இன்னும் ஒடிந்தபடி இருக்கிறது.

வளைவுப்பித்தன்:
பின்சக்கரம்தான். மேனுவல், இரண்டாவது கியர். டிஃப் வண்டியோடு வந்தது, மாற்றவில்லை.

எண்ணெய்க்கை:
அப்படிச் சொல்லுங்கள்! ஓடிய இடத்தில் இறங்கி நடந்து பாருங்கள். தரையில் கறுப்புக் கோடு ஒன்றா இரண்டா? ஒன்றுதான் என்றால் உங்களுடையது ஓப்பன் டிஃப். வளைவில் எடை வெளிப்பக்கம் சாய, உள்சக்கரம் லேசாகிச் சும்மா சுற்றும். ஓப்பன் டிஃப் இரண்டு பக்கமும் ஒரே அளவு டார்க்தான் (சுழற்றும் விசை) கொடுக்கும், அதனால் வழுக்குகிற சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்றதற்கும் போகும். எஞ்சின் அலறும், வெளிச்சக்கரம் பிடித்துக்கொள்ளும், வண்டி நிமிரும். கிளட்சை நூறு தடவை உதைத்தாலும் இது மாறாது.

உறுதி செய்ய: முன்சக்கரத்துக்கு அடைப்பு வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த் திசையில் சுற்றினால் ஓப்பன். ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள்.

பழம்பெருச்சாளி:
அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லாமலே ஓட்டினார்கள். 1970களில் ஜப்பானிய ஓட்டுநர் குனிமிட்சு தகாஹாஷி பந்தயத்தில் வழுக்கிக்கொண்டே வளைவு எடுத்தார், அவரைப் பார்த்துத்தான் ‘டிரிஃப்ட் கிங்’ என்று பேர் வாங்கிய கெய்ச்சி சுச்சியாவே கற்றார்.

நழுவல்மன்னன்:
தகாஹாஷி 1961லேயே மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ வென்றவர் சார். அவர் உடம்பில் இருந்த டிஃப் நமக்கு இல்லை.

ஓரச்சக்கரம்:
குறுக்கே வருகிறேன், என்னுடையது முன்சக்கர வண்டி. ஹேண்ட்பிரேக் இழுத்து அழகாக வழுக்குகிறேன். அதுவும் டிரிஃப்ட்தானே?

பழம்பெருச்சாளி:
இல்லை. தள்ளுவண்டி வழுக்கினாலும் டிரிஃப்ட் என்பீர்கள் போல. பின்சக்கரத்துக்குச் சக்தி போனால்தான் வழுக்கலை வளைவு முழுக்க நீட்டிக்க முடியும். ஃபார்முலா டிரிஃப்ட் போட்டியில் பின்சக்கர டிரைவ் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

ஓரச்சக்கரம்:
அது போட்டி விதி, இயற்பியல் இல்லையே. நேரத்தைக் கணக்கே பார்க்காமல் கோடு, கோணம், ஸ்டைல் என்று நடுவர் மார்க் போடுகிற விளையாட்டுக்கு இவ்வளவு கெடுபிடியா?

பழம்பெருச்சாளி:
தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து திட்டுகிறேன்.

வளைவுப்பித்தன்:
ஒரே கோடுதான். சக்கரமும் எதிர்த் திசையில் சுற்றியது. டிஃபின் உள் கியர்களை வெல்ட் செய்து பூட்டவா, எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃப்) போடவா?

எண்ணெய்க்கை:
திடலுக்கு மட்டும் போகிற வண்டி என்றால் வெல்ட் போதும், செலவு குறைவு. ஆனால் இரண்டு சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றும், மெதுவாகத் திருப்பும்போது டயர் கிறீச்சென்று தேய்ந்து வண்டி தத்தித் தத்திப் போகும், வெல்ட் அரைகுறையாக இருந்தால் நடுவில் உடையும். சாலையிலும் ஓட்டுவீர்கள் என்றால் எல்எஸ்டி. டிரிஃப்டுக்கு நிறையப் பேர் எடுப்பது 2-வே, ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் பூட்டியே இருக்கும். சாலையிலும் ஓடுமா?

நழுவல்மன்னன்:
ஆளைக் காணோம். திடலுக்குப் போய்விட்டார் போல.

காற்றாடி:
பின் டயரில் காற்று எவ்வளவு என்று கடைசிவரை சொல்லவே இல்லையே.