கல்லறை மேல் விட்டுவந்த குழந்தை: ‘தி பில்லர்ஸ் ஆஃப் தி எர்த்’ படித்தவர்கள் வரலாம்

இரவுவாசகன்:
கதைச் சுருக்கம் எழுதப்போவதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு கதீட்ரல், அதாவது பெரிய தேவாலயம், எழும் கதை; கென் ஃபாலெட்டின் அந்த ஆயிரம் பக்க நாவலை முடித்தவர்கள்தாம் இங்கே வருவீர்கள். எனக்குக் கல்கொத்தன் டாமின் மனைவி ஆக்னஸ் பிரசவத்தில் செத்துப்போகும் இடம் மட்டும் இன்னும் தீரவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்பு, பிரசவ வார்டு வராந்தாவில் உட்கார்ந்து அதைப் படித்தேன். நேரம் போகட்டும் என்று நண்பன் கையில் திணித்த புத்தகம். அவனும் படித்ததில்லை, படித்திருந்தால் தந்திருக்க மாட்டான். குளிர்காலக் காடு. மனைவியைப் புதைத்துவிட்டு, பால் கொடுக்க ஆளில்லை என்பதால் பிறந்த குழந்தையை அந்தக் குழிமேட்டிலேயே கிடத்திவிட்டு நடக்கிறான் டாம். மனம் பொறுக்காமல் திரும்பி ஓடிவந்தால் குழந்தை இல்லை.

அந்த வரியில் இருக்கும்போது நர்ஸ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். புத்தகத்தைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு ஓடினேன். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. மறுநாள் போய்ப் பார்த்தேன், புத்தகத்தை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். நான்கு வருடம் கழித்துப் பழைய புத்தகக் கடையில் கிடைக்கும்வரை அந்தக் குழந்தை செத்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் புரட்டியிருந்தால் துறவி பிலிப்பின் மடத்தில் அது பத்திரமாக இருப்பது தெரிந்திருக்கும்!

உங்களை எந்த இடம் விடாமல் பிடித்திருக்கிறது?

சாரமேஸ்திரி:
சந்தேகமே இல்லை, டாமின் மகன் ஆல்ஃபிரட் கதீட்ரலுக்குப் போட்ட கல்கூரை. டாம் மரக் கூரைக்குத்தான் சுவர் எழுப்பியிருந்தான். மகன் அதன்மேல் கல் வளைவை ஏற்றினான். பூசை நடக்கும்போது ஜனங்கள் தலைமேல் இறங்கியது.

எனக்கும் ஒன்று நடந்தது. ஒரு வணிக வளாக வேலையில் போர்டிகோ உத்தரத்தின் முட்டுகளை ஒப்பந்ததாரர் ஐந்தாம் நாளே உருவச் சொல்லிவிட்டார். கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். கிளாஸில் பொடி விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். கத்தினேன். எல்லோரும் வெளியே வந்துவிட்டோம், பிறகுதான் விழுந்தது. இன்றும் டீயில் ஏதாவது மிதந்தால் முதலில் கூரையைத்தான் பார்க்கிறேன்.

வீடு கட்டுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாங்கு சுவர்களுக்கு நடுவே நாலரை மீட்டர் வரை நீளும் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். உத்தரம் ஆறு மீட்டருக்கு மேல் போனால் 21 நாள். சாதாரண சிமென்டுக்கான கணக்கு இது. கலப்பு சிமென்டு என்றால் இன்னும் கூட்டுங்கள். மேஸ்திரி “அடுத்த வேலைக்குப் பலகை வேண்டும்” என்று அவசரப்படுத்துவார். மசியாதீர்கள். வாடகை இரண்டாயிரம் கூடினால் கூடட்டும். தண்ணீர் கட்டுவதை ஒரு வேளைகூட விடாதீர்கள். நாம் சொல்லும் ‘சென்ட்ரிங்’ என்ற வார்த்தையே இந்தக் கதீட்ரல் வேலையோடு சேர்ந்ததுதான். கல் வளைவு கட்டும்போது அடியில் தாங்கும் மரச்சட்டத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். இங்கே வளைவே இல்லாத தட்டைத் தளத்துக்குத் தகரம் அடித்தாலும் பெயர் மாறவில்லை.

நூல்கண்டு:
அண்ணா, வீடு கட்டுவது எப்படி என்று தனியாகவே ஒரு பதிவு போடுங்கள். இங்கே யாரும் கேட்கவில்லை.

எனக்கு அலியேனா. பிரபுவின் மகள் எல்லாம் போய்த் தெருவில் நின்று, குடியானவர்களிடம் ஆட்டு ரோமம் வாங்கிச் சுமந்துபோய் விற்கிறாளே, வியாபாரி அவள் பெண் என்பதற்காகவே அடிமாட்டு விலை கேட்கிறானே, பிலிப் மட்டும் நியாயமான விலை கொடுக்கிறாரே, அந்த இடம். ஆனால் என்னை அரிப்பது அதுவல்ல. அதற்கு முன்னால், அவள் மணக்க மறுத்த வில்லியம், தம்பியின் கண்ணெதிரே அவளுக்குச் செய்வது. என் தங்கைக்குப் பதினேழு வயதில் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்பு அந்தப் பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தேன். புத்தகம் திரும்பி வந்தபோது பின்கள் இல்லை. ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன. இன்றுவரை அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இரவுவாசகன், உங்கள் டாமைப் பற்றியும் ஒன்று. மனைவியைப் புதைத்த சூடு ஆறவில்லை, காட்டில் வாழும் எல்லென் வந்து பக்கத்தில் படுக்கிறாள். அதை வசதியாக விட்டுவிட்டீர்களே?

பழையஏடு:
சாரமேஸ்திரிக்கு ஒரு திருத்தம். நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் சொல்லப்போகிறீர்கள் என்று தெரிகிறது. டாமுக்குப் பின் கதீட்ரலை முடிக்கும் ஜாக், எல்லெனின் மகன், பிரான்சுக்குப் போய்த்தான் கூர்வளைவும், கல் விலாக்கள் தாங்கும் விலாக் கூரையும் இங்கிலாந்துக்கு வந்ததுபோல நாவல் காட்டுகிறது. பாரிஸ் பக்கத்தில் 1144இல் அர்ச்சிக்கப்பட்ட செயின்ட் டெனி தேவாலயம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1093இல் தொடங்கிய டர்ஹாம் கதீட்ரலில் கல் விலாக்களோடு கூரை 1133க்குள் முடிந்துவிட்டது. ஜாக் வடக்கே நாலு நாள் நடந்திருந்தால் கடல் தாண்டியிருக்க வேண்டாம்.

சாரமேஸ்திரி:
சொல்லாததற்குத் திருத்தமா? டர்ஹாம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தைப் பாருங்கள் ஐயா. நாலு நாளில் குதிரைகூடப் போகாது.

டெவன்வழி:
சண்டைக்கு நடுவே என் அசட்டுத்தனம். வேலைக்காக இங்கிலாந்து வந்த முதல் வருடம் நாவலில் கதீட்ரல் எழும் ஊரின் பெயரான ‘கிங்ஸ்பிரிட்ஜ்’ என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டேன். டெவன் பகுதி. யோசிக்கவே இல்லை. டாட்னஸ் வரை ரயில், அங்கிருந்து பஸ். கிங்ஸ்பிரிட்ஜுக்கு 1963இலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். மழை வேறு. இறங்கினால் கழிமுகத்தின் தலைமாட்டில் ஏற்றமான ஒரு கடைத்தெரு, அழகான சிறிய ஊர். கதீட்ரல் இல்லை. ரொட்டிக் கடை அம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் புத்தகமா?” என்றார். பேஸ்ட்டியை ஒரு பையில் போட்டுத் தந்துவிட்டு, மூலையிலிருந்த நாற்காலியைக் காட்டினார். மழை விடும்வரை உட்கார்ந்து தின்றேன். நாவலில் வரும் ஊர் வெறும் கற்பனை என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் போனில் தேடித் தெரிந்துகொண்டேன்.

பிறகு நிஜக் கதீட்ரல் ஒன்றைப் பார்க்கச் சாலிஸ்பரி போனேன். 123 மீட்டர்க் கோபுரத்தைச் சுமக்கும் நடுத் தூண்கள் வளைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். ஆனால் நினைவில் நிற்பது பேஸ்ட்டிதான்.

இரவுவாசகன்:
நூல்கண்டு, எல்லெனை விட்டது வசதிக்காகத்தான், ஒப்புக்கொள்கிறேன். டாமை மன்னிக்க எனக்கு ஆசை. ஆனால் பிற்பாடு அதே குழந்தை மடத்துப் பையனாக அவன் கண்முன் ஓடி விளையாடுகிறது, அப்பன் நான் என்று சாகும்வரை அவன் சொல்வதே இல்லை. அங்கே அவன்மேல் மறுபடி கோபம் வருகிறது.

நேற்று மகள் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக் கையில் எடைபார்த்துவிட்டு, என்ன கதை என்று கேட்டாள். ஒருத்தர் பெரிய கோயில் கட்டுகிற கதை என்றேன்.

“கட்டி முடித்தாரா?”

“இல்லை, வேறொருவர் முடித்தார்.”

அவளே படிப்பதாகச் சொல்லி எடுத்துப் போய்விட்டாள். வீட்டில் ஸ்டேப்ளர் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.