முத்தாய்ப்பா, நகாசா, அரும்பா: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்

கொழிஞ்சாம்பாறை, திங்கள் காலை

செங்கோட்டைப் புலவர் ஐயா, மணிவேலை செய்யும் களியக்காவிளை அக்கா, நகரி அண்ணா, அனைவருக்கும் வணக்கம். இங்கே கேரளத்தில் எங்கள் தமிழ்வழி எட்டாம் வகுப்புக்கு மணிக் கைப்பட்டை பின்னும் செய்முறைத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மலையாளத் தாளில் 'அவசான மினுக்குபணி' என்று ஒரு பகுதி இருக்கிறது. பட்டையைப் பின்னிக் கொக்கியும் வைத்தபின், ஓரத்திலும் மேலேயும் பொடிமணி சேர்த்து அழகுசெய்வது. 'இறுதி அலங்காரம்' என்று எழுதிப் பார்த்தேன், இழவு வீட்டு வாடை அடிக்கிறது. 'மினுக்குப்பணி' என்று அப்படியே வைத்தால் நம் பிள்ளைகளுக்கு மினுக்கித் திரிவதுதான் நினைவுக்கு வரும். ஒரே சொல்லாக, வினையாகவும் பெயராகவும் வரக்கூடியதாகத் தாருங்கள்.

செங்கோட்டை, திங்கள் மதியம்

டீச்சர், கையில் வெண்ணெய் இருக்கிறது. விளிம்பு + அணி = விளிம்பணி. மென்றொடர்க் குற்றியலுகரம் உயிர் வந்தால் ஓடிவிடும், புணர்ச்சியில் ஒரு சிக்கலும் இல்லை. கரை + அணி = கரையணி என்றும் சொல்லலாம், நன்னூல் 162 யகர உடம்படுமெய் தருகிறது. ஆனால் எல்லைப் பக்கத்தில் கரையும் கறையும் வாயில் ஒன்றாகிவிடும். ஆகவே விளிம்பணி.

களியக்காவிளை, திங்கள் இரவு

புலவர் ஐயாவுக்கு வணக்கம். சொல் நல்ல சொல், வேலைக்குத்தான் பொருந்தவில்லை. இங்கே நடப்பது மூன்று வேலை, விளிம்பில் நடப்பது அதில் ஒன்றுதான்.

முதலாவது, ஓரத்தில் மும்மூன்று மணியாகக் கூர்கூராக வைப்பது. பிகோ என்பார்கள். இரண்டாவது, பட்டையின் முகத்தில் மணிகளுக்கு நடுவே தெரியும் பள்ளங்களில் மணி பதிப்பது. மூன்றாவது தொங்கல். இந்த மூன்றுக்கும் பொதுப்பெயர் ஒன்று, தனிப்பெயர் மூன்று, ஆக நான்கு சொல் வேண்டும்.

ஓர வேலையை விவரமாகச் சொல்கிறேன், அப்போதுதான் பெயர் வைக்க வரும். பட்டை 11/0 என்ற அளவு எண் கொண்ட உருண்டை மணியில், மணிகள் ஒன்றுவிட்டொன்று ஏறி இறங்கி நிற்கும் பெயோட்டிப் பின்னலில், 8 மணி அகலம், 16 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். 11/0 மணியின் குறுக்களவு ஏறக்குறைய 2.2 மி.மீ. ஆகவே ஒரு பக்க ஓரத்தில் சுமார் 72 மணி வாய்திறந்து நிற்கும். ஓர மணி ஒன்றிலிருந்து ஊசி வெளியே வரும், 15/0 மணி மூன்றை எடுக்கும், அடுத்த ஓர மணிக்குள் இறங்கும், அதற்கும் அடுத்த மணி வழியாக மறுபடி வெளியே வரும். இரண்டு ஓர மணிக்கு ஒரு கூர், பக்கத்துக்கு 36 கூர், 108 மணி. இரு பக்கமும் சேர்த்து 216. ஒரு கிராம் 15/0 வாங்கினால் மிஞ்சும். எண் கூடக்கூட மணி சிறுக்கும் என்பதைத் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள் டீச்சர், பிள்ளைகள் தலைகீழாக வாங்கிவருவார்கள். ஊசியும் அப்படித்தான்: பட்டைக்கு 10 போதும், 15/0 மணிக்கு 12 வேண்டும்.

நகரி, செவ்வாய் காலை

டீச்சரம்மா, அக்கா, ஐயா, எல்லாரும் வீட்டில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு வெளியே தேடுகிறீர்கள். நகாசு! 'நகாசு வேலை' என்றால் பாட்டிக்கும் புரியும், பேத்திக்கும் புரியும். எங்கள் பக்கம் தெலுங்கில் 'நகிஷீ' என்பார்கள். மூலம் அரபியின் நக்ஷ், செதுக்குவது, வரைவது என்ற பொருள். எல்லை இரு பக்கமும் ஓடும் வண்டி.

அதைவிட அழகாக வேண்டுமென்றால் முத்தாய்ப்பு. 'முத்தாய்ப்பு வைத்தாற்போல' என்கிறோமே. முடிப்பு என்ற பொருளும் இருக்கிறது, உள்ளே முத்தும் இருக்கிறது. மணி வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்?

செங்கோட்டை, செவ்வாய் காலை

நகாசு வேற்றுச்சொல் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், என் வேலை மிச்சம். முத்தாய்ப்பில் முத்து இல்லை, தம்பி. உங்கள் ஊர்த் தெலுங்கிலேயே 'முக்தாயிம்பு' என்று முடிப்புக்குச் சொல்கிறார்கள். கருநாடக இசையில், வர்ணத்தில் முக்தாயி சுரம் என்று வருகிறதே, அதே குடும்பம். முத்து உள்ளே இருப்பது போலத் தோன்றுவது காதின் மயக்கம்.

நகரி, செவ்வாய் மதியம்

முக்தாயி சுரம் வர்ணத்தின் கடைசியில் வருவதில்லை ஐயா, பாதியில், பூர்வாங்கம் என்ற முற்பகுதி முடியும் இடத்தில் வருகிறது. ஆகவே அதுவும் முழு முடிப்பு இல்லை. இன்னொன்று, வடமொழி 'முக்தா'வே தமிழ் முத்திலிருந்து போனதாகச் சொல்பவர்கள் உண்டு. அப்படியானால் முத்தாய்ப்பு தாய்வீடு திரும்பிய பெண்.

செங்கோட்டை, செவ்வாய் மதியம்

அந்த 'முக்தா' விடுதலைப் பொருளது. சிப்பியிலிருந்து விடுபட்டதால் முத்து என்று வடமொழியார் சொல்வார்கள். நாம் முதிர்ச்சியிலிருந்து வந்தது என்போம். முது, முற்று, முத்து என்று வேர் போகிறது. இதை விரித்து நாளை எழுதுகிறேன்.

களியக்காவிளை, செவ்வாய் இரவு

நாளை வேண்டாம் ஐயா, வெள்ளிக்குப் பிறகு எழுதுங்கள்.

நகாசில் எனக்கு உள்ள தடை வேறு. நகைக்கடையில் நகாசு என்றால் தங்கத் தகட்டில் தட்டிப் புடைத்தெடுத்த சாமி உருவம். மணி வேலையில் தட்டுவதும் இல்லை, புடைப்பதும் இல்லை. ஆனாலும் 'செய்து முடித்த பொருளின் மேல் செய்யும் நுணுக்கம்' என்ற பொதுக் கருத்து அதில் இருக்கிறது, பொதுப்பெயராக வைக்கலாம்.

முத்தாய்ப்பு வேண்டாம் என்பதற்குக் கைவேலைக் காரணம் ஒன்று உண்டு. முத்தாய்ப்பு கடைசியில் ஒரே இடத்தில் விழும். இந்த வேலையோ பட்டை நெடுக ஓடும், சரியாகக் கடைசியில்தான் நிற்கவேண்டும். கொக்கிக்குப் பதில் வளையமும் குச்சியும் வைத்த பட்டையில் இரு முனையிலும் ஐந்தாறு மி.மீ. வெறுமையாக விடாவிட்டால் குச்சி வளையத்துக்குள் நுழையாது, ஓரக்கூர் மறித்துக்கொள்ளும். 'முத்தாய்ப்பு' என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் அந்த முனையில்தான் கொண்டுபோய்க் குவிப்பார்கள்.

கொழிஞ்சாம்பாறை, புதன் காலை

பொதுப்பெயர் நகாசு என்று எழுதி வைத்துக்கொள்கிறேன், ஐயா மன்னிக்கவேண்டும். பிகோவுக்கு என்ன? இன்னொரு சந்தேகமும்: மணி என்பதா, பாசி என்பதா? குமரிப் பக்கம் பாசி சரி, இங்கே பாசி என்றால் குளத்துப் படிக்கட்டு.

செங்கோட்டை, புதன் காலை

மணியே இருக்கட்டும். அகநானூற்றின் நடுப்பகுதி, 121 முதல் 300 வரை, மணிமிடை பவளம். அங்கிருந்து பள்ளத்தில் பதிக்கும் மணிக்கு 'மிடைமணி' என்ற வினைத்தொகை தருகிறேன். மிடைந்த, மிடைகின்ற, மிடையும் மணி. மூன்று காலமும் அடங்கும்.

பிகோ என்பது பிரெஞ்சில் சிறு கூர்முனை. பூவின் பருவங்களைப் பாருங்கள்: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். மூன்று மணிக் கூர் இவற்றில் எது? முகையில் கொஞ்சம் பருமன் வந்துவிடும், எனவே மொட்டு. கேரளத்தில் முல்லைமொட்டு மாலை என்று நகையே இருக்கிறது.

பெயோட்டிக்கும் கையோடு ஒன்று: அது அமெரிக்கத் தொல்குடிகளின் சடங்கில் வரும் கள்ளி வகையின் பெயர், அந்தச் சடங்குப் பொருள்களை இந்தப் பின்னலில் அழகுசெய்ததால் ஒட்டிக்கொண்டது. ஆகவே கள்ளிப்பின்னல்.

நகரி, புதன் மதியம்

கள்ளிப்பின்னலா! கையில் குத்தும் என்று ஒரு பிள்ளையும் தொடாது. மொட்டு எங்களுக்கும் சரி, தெலுங்கில் மொக்க.

களியக்காவிளை, புதன் இரவு

மொட்டு வேண்டாம். கூர் வைக்காத ஓரத்தை 'மொட்டை ஓரம்' என்றுதான் யாரும் சொல்வார்கள். மொட்டு ஓரம், மொட்டை ஓரம் என்று ஒரு தாளில் இரண்டும் வந்தால் அச்சுப்பிழை ஒன்று போதும், செய்முறை கவிழ்ந்துவிடும். அரும்பு என்று வையுங்கள். கூர்மையும் இருக்கிறது, 'அரும்பு வை' என்று வினையும் வருகிறது.

ஐந்து மணி எடுத்தால் அரும்பு அல்ல, தொங்கும் காது. 2.2 மி.மீ. இடைவெளிக்கு 15/0 மூன்று சரியாகக் கூம்பும், ஐந்து தளர்ந்து சாயும். ஒரு மணி வைத்தால் கூரே வராது. நூலை இழுத்து இறுக்கினால் இரு ஓரமும் உள்வாங்கிப் பட்டை தோணி மாதிரி குழியும். ஒரு பக்கத்தை இறுக்கமாகவும் மறுபக்கத்தைத் தளர்வாகவும் முடித்தால் பட்டை அரிவாளாக வளையும். அதனால் ஒரு பக்கத்தில் பத்து அரும்பு வைத்ததும் மேசைமேல் வைத்துப் பார்க்கவேண்டும். ஓர மணிகளின் துளையில் பின்னிய நூல் ஏற்கெனவே இருக்கிறது. ஊசி சிக்கினால் குறடு போட்டு இழுக்கக் கூடாது, மணி வெடிக்கும், வெடித்த ஓர மணியை மாற்ற அந்த வரிசையையே பிரிக்கவேண்டும். முடிச்சைத் துளைக்குள் இழுத்து ஒளிப்பதும் அப்படியே: அந்தத் துளை வழியாக ஊசி இன்னும் போகவேண்டுமா என்று முதலில் பார்க்கவேண்டும்.

பள்ள வேலைக்கு: ஒரே வரிசையில் அடுத்தடுத்த இரு மணிக்கு நடுவே ஒரு மணியை எடுத்துப் போகவேண்டும். 8 மணி அகலத்தில் வரிசைக்கு நான்கு மணி, நடுவே மூன்று பள்ளம். 4 மி.மீ. படிகம் வைப்பதாக இருந்தால் அதன் இருபுறமும் ஒவ்வொரு 15/0 மணி வேண்டும், இல்லாவிட்டால் படிகத்தின் துளைவிளிம்பு நைலான் நூலை அறுத்துவிடும். பட்டை கையில் வளையும்போது மேலே வைத்த மணிகள் விலகி நூல் தெரியும். நூல் நிறம் மணி நிறத்தோடு ஒத்திருக்கவேண்டும்.

செங்கோட்டை, வியாழன் காலை

'மணியில் திகழ்தரு நூல்' என்று குறள் 1273இல் இருக்கிறது. உங்களுக்குப் பிழையாகத் தெரிவது அவருக்கு அழகாகத் தெரிந்தது.

களியக்காவிளை, வியாழன் காலை

அது தெளிந்த மணிக்குள் தெரியும் நூல், ஐயா. நான் சொல்வது மணிக்கு வெளியே தெரியும் நூல். தெளிந்த மணிக்கு நிற நூல் போட்டு விளையாடலாம், அது தனி நகாசு.

கொழிஞ்சாம்பாறை, வியாழன் மாலை

தாளை மூடுகிறேன். பொதுப்பெயர் நகாசு: டீச்சர்மார் நால்வர், அக்கா, நகரி அண்ணா ஆதரவு. ஓரத்துக்கு அரும்பு. மிடைமணியைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன், 'இடைமணி' என்று காதில் விழுந்து, இன்டர்வெல் எப்போது என்று கேட்கிறார்கள். அதனால் 'பள்ளமணி' என்று போட்டிருக்கிறேன். பெயோட்டி அப்படியே பெயோட்டி. தொங்கலுக்குத் தொங்கல், மலையாளத் தொங்ஙலும் அதுவே, ஒருவரும் மறுக்கவில்லை.

செங்கோட்டை, வியாழன் இரவு

நகாசுக்கு என் ஒப்புதல் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். இருமொழி கலந்த நடையான மணிப்பிரவாளத்துக்குக் கேரளத்தார் மாணிக்கமும் பவளமும் ஒரே நூலில் என்று விளக்கம் சொல்வார்கள். இரண்டும் சிவப்பு, கலந்தது தெரியாது என்பது அவர்கள் வாதம். எனக்குத் தெரிகிறது. அடுத்த ஆண்டுத் தாளிலாவது விளிம்பணி வரவேண்டும்.

நகரி, வெள்ளி காலை

ஐயா, விளிம்பணியில் பள்ளமணி எங்கே உட்காரும்? டீச்சரம்மா, அச்சுக்குப் போய்விட்டதா? 'கொக்கி'க்கு மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.