ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லை, அப்பாவின் படங்கள் உள்ளே இருக்கின்றன

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். நேற்று என் 1 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் படங்களை காப்பி செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அப்புறம் எப்போது செருகினாலும் விண்டோஸ் ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்கிறது. கேன்சல் கொடுத்துவிட்டேன். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 931 ஜிபி என்று அளவு சரியாகத்தான் காட்டுகிறது (1 டிபியை விண்டோஸ் இப்படித்தான் காட்டும்). ஆனால் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) என்று இருந்த இடத்தில் இப்போது ‘ரா’ என்று இருக்கிறது, அதாவது அந்த அடுக்கை விண்டோஸால் படிக்க முடியவில்லை. காதருகே வைத்துக் கேட்டேன். டிக் டிக் சத்தம் இல்லை, சீராகச் சுற்றுகிறது.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. என் மகளைத் தோளில் உட்காரவைத்து அவர் தேர் காட்டும் படம் இதில் மட்டும்தான் இருக்கிறது. மகளின் கையில் பாதி கடித்த பஞ்சுமிட்டாய்கூடத் தெரியும்.

மூல டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது என்பது தெரியும். அதனால் முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளை வைத்து முழு டிஸ்க்கையும் ஒரு 2 டிபி டிஸ்க்கில் இமேஜாக (அப்படியே முழு நகலாக) எடுக்கப் போகிறேன். அதற்குப் பிறகுதான் குழப்பம். ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் படங்களை மீட்டாலும் கோப்புப் பெயரும் ஃபோல்டரும் போய்விடும். அதற்கு முன் இமேஜின் இன்னொரு பிரதியில் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளை வைத்து பூட் செக்டாரை (டிஸ்க்கின் அமைப்பை விண்டோஸுக்குச் சொல்லும் தொடக்கப் பகுதி) சரிசெய்து பார்க்கலாமா? இப்படி ‘ரா’ ஆன டிஸ்க்கை மீட்டவர்கள் எந்த வரிசையில் செய்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். அதுவரை டிஸ்க்கைக் கழற்றியே வைத்திருக்கிறேன்.