விடியும்வரை விழித்திருக்க வைத்த சிறுமி

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை

2014ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை, என் வகுப்பு மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு, எங்கள் ஊரை அடுத்த புஞ்சையரசந்தாங்கலில், பாரதக் கதைகளை விடியவிடிய ஆடும் கட்டைக்கூத்தைக் கற்பித்த கட்டைக்கூத்து குருகுலத்துக்குச் சென்றிருந்தேன். பெருங்கட்டூர் ராஜகோபாலும் அவருடைய மனைவி ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய உறைவிடப் பள்ளி அது. சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டுக் கூத்துக்கு வந்தவர் ராஜகோபால். அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதால் பாடமும் கூத்தும் ஒரே இடத்தில் கற்பிக்கப்பட்டன. ஆண்கள் மட்டுமே வேடம் கட்டி வந்த கலையில் சிறுமிகளையும் சேர்த்துப் பயிற்றுவித்தார்கள் என்பதுதான் என்னை அங்கே இழுத்தது.

எங்களை வரவேற்க ஓடி வந்த பெண்ணுக்குப் பதின்மூன்று வயது இருக்கலாம். கால் சலங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, அது குலுங்கும் ஓசைக்கு ஏற்ப நடந்து வந்தாள். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பாகவே, தான் கட்டியக்காரன் வேடம் கட்டுபவள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கூத்தில் முதலில் வந்து சபையை வணங்குபவனும், திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவிடம் ஊர் பேர் விசாரிப்பவனும், தூதனாகவும் சேவகனாகவும் மாறி மாறி நின்று கதையை நடத்திச் செல்பவனும் கட்டியக்காரன்தான் என்பது கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என் மாணவர்களில் ஒருவன் வகுப்பில் வாய் திறக்கவே மாட்டான். அவன் ஒதுங்கி நிற்பதை அவள் எப்படிக் கண்டுகொண்டாள் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. இரண்டு பிள்ளைகளை அழைத்துக் கூத்துத் திரையைப் பிடிக்கச் சொல்லி, அவனைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, தான் முன்னால் வந்து நின்று, “வந்திருக்கிறது யாரு? எந்த தேசத்து மகாராஜா?” என்று கட்டியக்காரன் குரலில் கேட்டாள். சிறிது நேரம் சத்தமே இல்லை. அவள் அவசரப்படவில்லை, திரையின் கீழே தெரிந்த அவன் கால்களைப் பார்த்து, “மகாராஜா செருப்பை மாத்திப் போட்டிருக்காரே, போருக்கு அவசரமாக் கிளம்பினாரோ?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்துவிட்டான். பிறகு தன் தெருவின் பெயரைச் சொல்லி, அந்த தேசத்துக்குத் தான்தான் ராஜா என்று உரக்கச் சொன்னான். இருபத்திரண்டு ஆண்டு ஆசிரியப் பணியில் நான் தேடிக்கொண்டிருந்த ஒன்றை அந்தச் சிறுமி மூன்று நிமிடங்களில் செய்து காட்டினாள்.

அவளுடைய கூத்தைப் பார்த்த வேறு யாராவது இருந்தால் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செய்யாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி

அம்மா, நீங்கள் சொல்லும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதக் கூத்துத் திருவிழா வைத்தபோது, துகில் உரிதல் இரவுக்கு அந்தப் பிள்ளைகளை அழைத்திருந்தார்கள். பெண் பிள்ளைகள் விடியவிடிய ஆடுவதாவது என்று கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

கூத்து பார்ப்பவர்களுக்கு இரவு இரண்டு மணிக்கு மேல்தான் சோதனை. பகலெல்லாம் வயலில் நின்ற உடம்பு கோணிப்பையின் மேல் தானாகச் சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் அவள் மேடையை விட்டு இறங்கி வந்து, துரியோதனன் சபைக்கு ஆள் சேர்க்கும் சேவகனாகப் பேசிக்கொண்டே தூங்குபவர்களின் நடுவே நடந்தாள். என் அருகில் நின்று, “இந்தப் பெரியவர் பீஷ்மர் மாதிரி இப்பவே படுத்துட்டாரே, அதுக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்குதே!” என்றாள். பாரதக் கதையில் எந்த நாள் எது நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பேச்சின் ருசி தெரியும். எழுந்து உட்கார்ந்தவன் பிறகு படுக்கவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. துச்சாதனன் திரௌபதியின் சேலையில் கை வைப்பதற்கு முன்னால், கூத்தைச் சற்று நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, அம்மனை வணங்கிப் பாடிவிட்டுத்தான் தொடர்வார்கள். எதிரே இருப்பது வேடம் கட்டிய ஆள் மட்டும் அல்ல, அம்மனே என்ற பயபக்தி அது. அதுவரை சபையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண், கற்பூரம் ஏற்றியதும் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஆர்மோனியக்காரர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஓரமாக ஒதுங்கி, ஓர் அசைவும் இல்லாமல் நின்றாள். அந்தக் காட்சி முடியும்வரை ஒரு வார்த்தை வேடிக்கையாகப் பேசவில்லை. நான் ஐம்பது வருடமாகக் கூத்து பார்ப்பவன். பேர் பெற்ற கட்டியக்காரர்கள் சிலர் அந்த இடத்திலும் கைதட்டலுக்காக ஏதாவது சொல்லிவிடுவார்கள். எங்கே சிரிக்கக் கூடாது என்பதை இத்தனை சின்ன வயதில் அறிந்து வைத்திருந்த பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். விடிந்ததும் அவளிடம் போய், நான் எதிர்த்துப் பேசியதைச் சொன்னேன். “தாத்தா, அடுத்த வருஷமும் எதிர்த்துப் பேசுங்க, அப்பதான் நல்லா முழிச்சிருந்து பார்ப்பீங்க,” என்று சொல்லி என் காலைத் தொட்டாள்.

வேடம் கட்டும் இடத்தில் சில மாதங்கள் உதவியாக இருந்த ஒருவர்

மேடைக்குப் பின்னால் நடந்ததைச் சொல்கிறேன். கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவற்றால்தான் கட்டைக்கூத்துக்கு அந்தப் பெயர். இலேசான மரம் என்றாலும், எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இரவு முழுவதும் கிறுகிறுவென்று சுழன்று ஆடுவது எளிதல்ல. கட்டியக்காரனுக்குக் கட்டைகள் கிடையாது. ஒரு குல்லாவும் தொளதொளத்த சட்டையும் போதும். அதனால் தன் வேடத்தைப் பத்து நிமிடங்களில் முடித்துவிட்டு, மற்றவர்களுக்குக் கயிறு கட்டிவிட அவள் உட்கார்ந்துவிடுவாள்.

முதன்முறையாகத் துரியோதனன் வேடம் கட்டிய ஒரு பையனுக்கு, சிவப்பு அரிதாரம் பூசிய முகத்தோடு கை நடுங்கத் தொடங்கியது. புஜக்கட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டுவது போல அவள் அவன் அருகிலேயே இருந்து, திரைக்குப் பின்னால் நின்று அவன் பாட வேண்டிய திரை விருத்தத்தின் முதல் அடியை வேண்டுமென்றே தப்பாகப் பாடினாள். அவன் கோபப்பட்டுத் திருத்தினான். இரண்டாவது அடியையும் தப்பாகப் பாடினாள். நான்காவது அடிக்கு வந்தபோது அவன் கை நடுங்கவில்லை.

அவளுக்கும் களைப்பு வரும். தொண்டை கட்டிக்கொண்ட நாட்களில் மிளகு போட்ட வெந்நீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் ஒரு மூலையில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருப்பாள். அவளை எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பவள் என்று சொல்பவர்கள் அந்த மூலையைப் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு அவள் உழைத்துப் பழகிய ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வந்தவாசியிலிருந்து ஒரு வாசகி

குருகுலம் 2020இல் மூடப்பட்டது என்ற செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, ஒரு முறை மட்டுமே நான் மேடையில் பார்த்திருந்த அந்தக் குல்லாவும் அந்தக் குரலும்தான். அந்தப் பிள்ளைகளெல்லாம் எங்கே போயிருப்பார்கள் என்று பல நாட்கள் யோசித்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு கிராமத்தில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, மாலையில் கோவில் மண்டபத்திலிருந்து தாளச் சத்தம் கேட்டது. ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் இளம்பெண் அடவு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் எனக்கு உடனே பிடிபடவில்லை, குரல் பிடிபட்டுவிட்டது. பேச்சுக் கொடுத்தேன். பகலில் வேலைக்குப் போவதாகவும், கூத்துக் காலத்தில் வேடம் கட்டுவதாகவும், வாரத்தில் இரண்டு நாள் இங்கே வருவதாகவும் சொன்னாள். எந்த வேடத்தைக் கற்றுக்கொடுப்பது கடினம் என்று கேட்டேன். கட்டியக்காரன்தான் என்றாள். மற்ற வேடங்களுக்குப் பாட்டும் விருத்தமும் எழுத்தில் இருக்கின்றன. கட்டியக்காரன் எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த வார்த்தையைத் தேட வேண்டும், அதை நோட்டில் எழுதிக் கொடுக்க வழியில்லை என்றாள்.

அன்று கட்டியக்காரனாக நின்றவள் எட்டு வயதுச் சிறுமி. குல்லா அவள் கண்வரை இறங்கியிருந்தது. ஒரு பழைய சேலைதான் திரை. அதன் ஒரு முனையை ஒரு பையன் பிடித்திருக்க, மறுமுனையைப் பிடிக்க வேண்டியவன் அன்று வரவில்லை. கற்றுக்கொடுத்த அந்த இளம்பெண்ணே போய் அதைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றாள். சிறுமி குல்லாவை மேலே தள்ளிவிட்டு, மண்டபத்தில் பார்வையாளராக இருந்த ஒரே ஆளான என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பி, “உள்ளே யாரு? நேரமாச்சு, ஒரு அத்தை தனியா உக்காந்திருக்காங்க!” என்று அதட்டினாள். சேலைக்குப் பின்னாலிருந்து அந்தப் பழைய சிரிப்பு கேட்டது.