பிளக் தலைப் பேய்

குழு: எங்கட வீடு

வானதி (பேர்ண்): 📷 இண்டைக்கு மகனைப் பவுல் கிளே மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனான். இந்தப் பொம்மையை விட்டு அரக்கேலாமப் போச்சு.

மாமா (டொரொண்டோ): என்ன பிள்ளை இது, கரண்ட் பிளக்குக்குச் சட்டை போட்டிருக்கு?

வானதி: பிளக்தான் மாமா தலையே 😄 பேர் ‘மின்சாரப் பேய்’. 1923இல செய்தது. வீடுகளுக்குக் கரண்ட் வந்துகொண்டிருந்த காலம், சனத்துக்கு அதிலயும் ஒரு பயம் இருந்திருக்கும்.

பெரியம்மா: கிளே படம் கீறின ஆளெல்லோ?

வானதி: அவரேதான். மகன் ஃபெலிக்ஸின்ர 9ஆவது பிறந்தநாளுக்கு 8 கைப்பொம்மை செய்து குடுத்தவர். 1916, யுத்த காலம். அந்த மார்ச்சிலதான் இவரைப் போலப் படம் கீறின கூட்டாளி ஃபிரான்ஸ் மார்க் சண்டையில செத்தது, அதே மாதம் இவரையும் ஆமிக்கு எடுத்தாச்சு. எட்டில ஒண்டு ‘மரணம்’.

பெரியம்மா: பிறந்தநாளுக்குச் சாவைக் குடுக்கிறதோ? விசர் மனிசன்.

நிரோஷன்: பெரியம்மா, சத்தியவான் சாவித்திரி கூத்தில எமன் வரேக்க முன்பாயில இருந்து பாத்தது ஆர்?

பெரியம்மா: பாத்தது எங்க, அம்மான்ர சீலைக்குள்ள தலையை விட்டுக்கொண்டு இருந்தனான் 😂

வானதி: தீப்பெட்டி, மாட்டெலும்பு, பழந்துணி, கிடைச்சதெல்லாம் பொம்மைதான். 1925 வரைக்கும் ஏறக்குறைய 50 செய்திருக்கிறார். இப்ப இருக்கிறது 30.

மாமா (டொரொண்டோ): மிச்சம்?

வானதி: 1945இல ஜேர்மனியில வூர்ஸ்பூர்க் நகரத்தில குண்டு போட்டதில கொஞ்சம் அழிஞ்சு போச்சு.

மாமா (டொரொண்டோ): ம். எங்கட கலியாண அல்பம் மாதிரி.

நிரோஷன்: படத்திலயும் பேய்தானோ அக்கா?

வானதி: அது வேற மாதிரியடா. 1932இல ‘பயத்தின் முகமூடி’ எண்டு ஒண்டு, நியூயோர்க்கில இருக்கு. முட்டை மாதிரிப் பெரிய முகம், கீழ நாலு கால். ரெண்டு பேர் ஒளிச்சிருந்து தூக்கிக்கொண்டு வாற மாதிரி. அடுத்த வருசம் நாசிகள் ஜேர்மனியில பாத்த வாத்தியார் வேலையால நிப்பாட்ட, சுவிசுக்கே திரும்பி வந்திட்டார். 1939இல கீறின ‘பயத்தின் வெடிப்பு’ படத்தில முகம் ஒரு பக்கம், கை கால் ஒரு பக்கம், எல்லாம் துண்டு துண்டாக் கிடக்கு. எனக்கு அதைக் கனநேரம் பாக்கேலாது. பொம்மை எண்டா உள்ளுக்குக் கையை விட்டு ஆட்டலாமெல்லோ.

அம்மம்மா: 🎤 ‘பிள்ளை, அவன் பிளக்குக்க விரலை விட்டிடுவான், கவனம்!’

வானதி: இல்லை அம்மம்மா 🙈 இப்ப தீப்பெட்டிக்குச் சட்டை தைச்சுத் தரட்டாம். சீலைத்துண்டு தேடுறன்.

பெரியம்மா: குச்சியை எடுத்துப்போட்டுக் குடு.