வியன்னாவில் கேமராவோடு அலைந்தவர்களே, இங்கே வாருங்கள்

மாம்பலத்தான்:

"வியன்னா போறேன், எங்க நின்னு எடுக்கலாம்?" என்று கேட்டு அடிக்கடி தனிச்செய்தி வருகிறது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டுவதை விட ஒரு இழை தொடங்கிவிடலாம் என்று தோன்றியது. போய்வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள், யாரைப் பார்த்தீர்கள், யார் தடுத்தார்கள், என்ன கிடைத்தது என்று கொட்டுங்கள்.

என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். வியன்னாவில் எங்கே நிற்பது என்பது நம் கையில் இல்லை. அதை ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முன்பே கட்டடக்காரர்கள் தீர்மானித்துவிட்டார்கள். மேல் பெல்வெடேர் மாளிகைக்கு முன்னால் தோட்டத்தைப் பார்த்து நில்லுங்கள். இளவரசர் யூஜினுக்காகக் கட்டடக்கலைஞர் ஹில்டெப்ராண்ட் கட்டி 1723இல் முடித்த மாளிகை அது. தோட்டம் படிப்படியாகக் கீழே இறங்குகிறது, முடிவில் கீழ் பெல்வெடேர், அதற்கும் பின்னால் நடுவில் ஸ்டெஃபான் பேராலயத்தின் கோபுரம், இடது பக்கம் கார்ல் தேவாலயத்தின் குவிமாடம். நீங்கள் எந்த லென்ஸ் மாட்டினாலும் கண் அந்தக் கோட்டில்தான் போகும்.

இதே இடத்திலிருந்து பெர்னார்டோ பெல்லோட்டோ என்ற இத்தாலிய ஓவியர் 1760ஐ ஒட்டி மகாராணி மரியா தெரேசாவுக்காக ஒரு படம் வரைந்தார். இப்போது கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேல் பெல்வெடேருக்குப் போவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள். பார்த்துவிட்டு 24 மி.மீ. அகலக் கோண லென்ஸோடு வந்து நின்றால், கோபுரங்கள் எல்லாம் தீக்குச்சி மாதிரி தூரத்தில் நிற்கும். மனுஷன் கட்டடங்களைக் கொஞ்சம் கிட்டே இழுத்து வைத்திருக்கிறார்! அவர் காட்டிய நெருக்கம் வேண்டுமானால் 70, 85 மி.மீ. பக்கம் போக வேண்டும். அப்போது தோட்டத்தின் அகலம் போய்விடும். இரண்டும் ஒரே ஃப்ரேமில் கிடைக்காது, தூரிகை இருந்தால் ஒழிய.

அங்கே நான் நின்றபோது பக்கத்தில் ட்ரைபாடோடு ஒரு உள்ளூர்ப் பெரியவர். என் கேமராத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, வலது பக்கம் கை காட்டி, "அங்கே ஒரு உயரமான கட்டடம் வரப்போகிறது என்றார்கள், ஊரே சண்டை போட்டது" என்றார். உண்மைதான். 2001இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வியன்னா நகர மையத்தை, ஹாய்மார்க்ட் உயரக் கட்டடத் திட்டத்தைக் காரணம் காட்டி யுனெஸ்கோ 2017இல் ஆபத்துப் பட்டியலில் வைத்தது. ஓவியர் நின்ற இடத்திலிருந்து தெரியும் காட்சி கெட்டுவிடும் என்பதுதான் வாதமே. ஒரு கேமராக் கோணத்துக்காக ஒரு நகரம் இவ்வளவு மல்லுக்கட்டியதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் காட்சி வடக்கு நோக்கியது, சூரியன் பெரும்பாலும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நகரம் பளிச்சென்று வரும். மாளிகையை எடுக்க வேண்டுமானால் சுற்றிக்கொண்டு தென்பக்கம் போங்கள். அங்கே பெரிய குளம், காற்றில்லாத காலையில் மாளிகை முழுசாகத் தண்ணீரில் விழும். தோட்டப் பக்கத்து முகம் குளிர்காலத்தில் நாள் முழுக்க நிழல்தான்.

சூரிச் பொடியன்:

அண்ணை சொல்றது சரிதான், ஆனா ஷோன்ப்ருன் மாளிகையில அந்தக் கதை இன்னும் சுவாரசியம். நான் சூரிச்சில இருக்கிறன், லீவு கிடைச்சா வியன்னாவுக்கு ஓடுறனான். பூங்கா காலமை ஆறரைக்கே திறந்திடும், காசும் இல்லை. அந்த நேரத்தில ஓட்டப்பயிற்சிக்காரரையும் காகங்களையும் தவிர ஒருத்தரும் இல்லை. ஒன்பது மணிக்குப் பிறகு பஸ்ஸுகள் வந்து இறக்கத் தொடங்கினால் நெப்டியூன் நீரூற்றுக்கு முன்னால செல்ஃபிக் கம்புகள் தான்.

மேட்டுக்கு மேல க்ளோரியெட் எண்டு ஒரு தூண் மண்டபம் இருக்கு, 1775இல கட்டினது. அதுக்கு முன்னால இருக்கிற குளத்தடியில நான் குந்தியிருந்து தண்ணியில விழுந்த மண்டபத்தின்ர நிழலை எடுத்துக்கொண்டிருந்தன். ஓடிக்கொண்டு வந்த ஒரு வயசான அம்மா நிண்டு, மூச்சு வாங்க வாங்க, "நீ மாளிகை இருக்க வேண்டிய இடத்தில இருக்கிறாய், தெரியுமோ?" எண்டு கேட்டா. எனக்கு விளங்கேல்லை. அவ விளக்கமாச் சொன்னா: கட்டடக்கலைஞர் ஃபிஷர் ஃபொன் எர்லாக் போட்ட முதல் திட்டத்தில மாளிகை இந்த மேட்டுக்கு மேல தான் வரவேணும். அது நடக்கேல்லை, மாளிகை கீழ வந்தது, மேடு கனகாலம் வெறுமையாக் கிடந்து பிறகு இந்த மண்டபம் வந்தது. இதுக்குரிய கல்லிலயும் கொஞ்சம் நொய்கெபாய்டெ எண்ட பழைய மாளிகையில இருந்து கழட்டிக்கொண்டு வந்தது. அவ சொல்லிப்போட்டு ஓடிட்டா. நான் திரும்பி நிண்டு கீழ இருக்கிற மஞ்சள் மாளிகையையும் அதுக்குப் பின்னால நகரத்தையும் பார்த்தன். மாளிகையை இஞ்ச கட்டியிருந்தா இந்தப் படம் இருந்திருக்காது.

இன்னொண்டு. பூங்காவுக்குள்ள ரோமன் சிதைவு எண்டு ஒரு இடம். 1778இல சிதைவாகவே கட்டினது, உடைஞ்சது ஒண்டும் இல்லை! உண்மையான சிதைவுகளைப் பார்த்து வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்ச நேரம் கேமராவை இறக்கிப்போட்டு நிண்டன். ஆனா படத்துக்கு அருமையான இடம். சாயங்கால வெயில் மரங்களுக்குள்ளால வரேக்க எடுங்கோ.

கோவை க்ளிக்ஸ்:

நான் கல்யாண போட்டோகிராபர். கஸ்டமர் ஒருத்தர் வெளிநாட்டுல ப்ரீ-வெட்டிங் வேணும்னு கூட்டிட்டுப் போனார். அந்த அனுபவத்துல சில விஷயம் சொல்றேனுங்க.

சுற்றுலாப் பயணியா நீங்க மாளிகை முன்னாடி நின்னு எடுக்கிறதுக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. ரிஃப்ளெக்டர், லைட் ஸ்டாண்ட், உதவியாளர் எல்லாம் வந்துட்டா அது வியாபாரப் படப்பிடிப்பு, முன்கூட்டி அனுமதி வாங்கணும். எங்களுக்கு அனுமதி எடுத்துத் தர்றேன்னு காசு வாங்கின ஏஜென்ட் ஒருத்தர் கடைசி நேரத்துல போனையே எடுக்கலை. காவலாளி வந்து ஸ்டாண்டைப் பார்த்தார், பொண்ணோட பட்டுப்புடவையைப் பார்த்தார், ரொம்ப மரியாதையா "இது வேண்டாம், அது அழகு" அப்படின்னு ஸ்டாண்டையும் புடவையையும் மாறி மாறிக் காட்டினார். எல்லாத்தையும் மடிச்சு வெச்சுட்டு வெறும் கேமராவோட ஒரு பொதுச் சாலைக்குப் போயிட்டோம். அதுவே நல்ல படமா வந்துச்சுங்க.

புடவை எடுக்கிறவங்களுக்கு: ஷோன்ப்ருன் சுவரே மஞ்சள். மாம்பழ மஞ்சள், சந்தனக் கலர் எல்லாம் சுவத்தோட கரைஞ்சு போயிரும். அரக்கு, கரும்பச்சை, மயில்கழுத்துக் கலர் எடுப்பா நிக்கும். வெயில் நேரத்துல சுவர்கிட்ட ஆளை நிறுத்தினா முகத்துலயும் மஞ்சள் அடிக்கும், பத்தடி தள்ளி நிறுத்துங்க. வைட் பேலன்ஸை ஆட்டோவுல விட்டீங்கன்னா கேமரா அந்த மஞ்சளைக் குறைக்கப் பார்க்கும், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கலர் வரும். ஒரு அளவுல பூட்டி வெச்சுருங்க.

வாத்தியார்:

மகன் அங்கே ஐ.நா. அலுவலகத்தில் பணி. நானும் என் மனைவியும் குளிர்காலத்தில் போய்த் தங்கினோம். கேமரா என்று தனியாக எதுவும் கிடையாது, போன்தான். மாம்பலத்தாரின் கட்சியோடு எனக்கு உடன்பாடு பாதிதான். மாளிகைகள் நம்மை நிறுத்திவைக்கின்றன என்பது சரி. நிற்க மறுத்தால் என்ன?

டிசம்பரில் மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். முதலில் எனக்கு எரிச்சல். மதிய உணவு முடித்து வெளியே வருவதற்குள் பொழுது போய்விடுகிறதே என்று. பிறகுதான் அதன் வசதி புரிந்தது. நம்மூரில் சூரியன் செங்குத்தாக விழுந்து சட்டென்று இருட்டிவிடும். அங்கே சாய்ந்து இறங்குவதால் அந்திவெளிச்சம் வெகுநேரம் நிற்கிறது. வானம் கருநீலமாக இருக்கும்போதே விளக்குகள் எரிகின்றன. கார்ல் தேவாலயத்தின் முகப்பு வடக்கைப் பார்த்தது, பகலில் அதற்கு நேர்வெயில் கிடைப்பது அரிது. அந்த அரைமணி நேரத்தில் பார்த்தால் குவிமாடமும் இரண்டு பெரிய தூண்களும் அப்படியே எழுந்து நிற்கும். 1713 கொள்ளைநோய்க் காலத்தில் பேரரசர் ஆறாம் சார்ல்ஸ் நேர்ந்துகொண்ட கோவில் அது. நம் ஊரில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதைச் சொல்லி விளக்கினேன், மனைவி உடனே கும்பிட்டுவிட்டாள்.

போன்காரர்களுக்கு ஒன்று: உறைகுளிரில் பேட்டரி நாற்பது சதவீதத்திலிருந்து நேராக அணைந்துவிடும். சட்டையின் உள்பையில் வைத்திருங்கள், எடுக்கும்போது மட்டும் வெளியே கொண்டுவாருங்கள்.

நான் சொல்ல வந்தது ஃபோல்க்ஸ்கார்ட்டன் பூங்காவைப் பற்றி. ஹோஃப்பூர்க் அரண்மனையை ஒட்டியது, கோடையில் ரோஜாக்களுக்குப் பேர்போனது. நாங்கள் போனபோது ஒரு பூ கிடையாது. வரிசை வரிசையாக ரோஜா மரங்களுக்குச் சாக்குப்பை கட்டி வைத்திருந்தார்கள், குளிர் தாக்காமல் இருக்க. எல்லோரும் ஏமாந்து திரும்பிப் போனார்கள். நான் அந்தச் சாக்குகளையே எடுத்தேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் பார்த்துவிட்டு, குனிந்து கீழே இருந்த சின்னத் தகடுகளைக் காட்டினாள். பணம் கட்டி ஒரு செடியைத் தத்தெடுத்து, அம்மாவின் நினைவாக, ஐம்பதாவது மணநாளுக்காக என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு தகட்டைத் துடைத்து, "இது என் பாட்டிக்கு" என்றாள். அவள் முகத்தை எடுக்கக் கேட்க மனம் வரவில்லை. தகட்டையும் கையுறை போட்ட அவள் விரலையும் எடுத்தேன். வியன்னாவில் நான் எடுத்ததில் யாராவது பிரிண்ட் கேட்ட ஒரே படம் அதுதான். அதில் மாளிகை இல்லை ஐயா.

மாம்பலத்தான்:

வாத்தியார் ஐயா, அந்தப் படத்தை இங்கே போட்டால் நான் கட்சி மாறத் தயார். ஆனாலும் ஒரு எதிர்வாதம். தேசிய நூலகத்தின் பழைய மண்டபத்துக்குப் போயிருக்கிறீர்களா? 1720களில் கட்டியது, ஏறக்குறைய 80 மீட்டர் நீளம், சுமார் இரண்டு லட்சம் பழைய நூல்கள், மேலே டானியல் கிரானின் கூரை ஓவியம். நடுக்குவிமாடத்துக்குக் கீழே ஆறாம் சார்ல்ஸ் சிலையாக நிற்கிறார். எங்கே நின்றாலும் அவரைச் சுற்றித்தான் ஃப்ரேம் அமையும். ஃபிளாஷ் கூடாது, ட்ரைபாட் கூடாது, உள்ளே நல்ல இருட்டு. ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் அளவு) 3200க்கு ஏற்றப் பயப்படாதீர்கள். அண்ணாந்து எடுக்க கேமராவைத் தரையில் வைக்கலாமா என்று பணியாளரைக் கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்து, தானே பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டார்.

துலிப்:

ஸ்டெஃபான் பேராலயம் பற்றி யாருமே சொல்லலையே! கீழே நின்னு எடுத்தால் முழுசா வரவே வராது, சதுக்கம் சின்னது. எதிரே இருக்கும் ஹாஸ் ஹவுஸ் கண்ணாடிக் கட்டடத்தில் அதன் பிம்பம் உடைஞ்சு உடைஞ்சு தெரியும். எல்லாரும் எடுக்கும் படம்தான், ஆனால் அலுக்கலை. கூரைக்குத்தான் நேரம் ஒதுக்கணும். தெற்குக் கோபுரம் 136 மீட்டர், 343 படி ஏறினா மேலே ஒரு அறை. முட்டி ஒத்துழைக்காதவங்களுக்கு வடக்குக் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கு. மேலே இருந்து பார்த்தால் வண்ண ஓடுகளில் கழுகுச் சின்னமும் 1950 என்ற வருஷமும் தெரியும். 1945 ஏப்ரலில் பிடிச்ச தீயில் பழைய மரக்கூரை முழுக்க எரிஞ்சுபோச்சு, இப்போ உள்ளே இருப்பது இரும்புச் சட்டம். அது தெரிஞ்ச பிறகு நான் கோபுரத்தை விட்டுட்டு அந்த எண்ணை மட்டும் டெலி லென்ஸில் எடுத்தேன்.

பேராலயத்துக்கு வெளியே குதிரைவண்டிக்காரர்கள், வட்டத் தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டு. கேட்காம எடுத்தா முகம் திருப்பிக்கறாங்க. நான் போன அன்னிக்குச் செம வெயில், ஒரு வண்டிக்காரம்மா குதிரையை அவிழ்த்துட்டு இருந்தாங்க. 35 டிகிரியைத் தாண்டினா குதிரைக்கு லீவாம். "எனக்கு லீவு தர்ற ஒரே முதலாளி இவன்தான்"னு குதிரையைத் தட்டிச் சொன்னாங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோன்னு நின்னாங்க.

ஒரு சந்தேகம். ஓவியர் ஹுண்டர்ட்வாஸர் பேர்ல இருக்கிற அந்த வண்ண வீட்டை எடுத்துப் போஸ்ட்கார்டு மாதிரி விக்கலாமா? காப்புரிமைப் பிரச்சினை வரும்னு ஒருத்தர் பயமுறுத்தறார்.

மாம்பலத்தான்:

பயத்துக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அது ஜெர்மனிக் கதை. தெருவுக்கு எதிரே ஒரு வீட்டின் மாடியிலிருந்து எடுத்த அந்தக் கட்டடப் படத்தை அங்கே விற்றார்கள். பொதுச் சாலையிலிருந்து எடுத்ததல்ல என்பதால், தெருவிலிருந்து தெரியும் கட்டடத்தை அனுமதியின்றி எடுத்து விற்கலாம் என்ற சலுகை பொருந்தாது என்று 2003இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆஸ்திரியச் சட்டம் கட்டடங்கள் விஷயத்தில் இன்னும் தாராளம். படத்தை எந்த நாட்டில் விற்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. தெருவில் நின்று எடுத்தால் இரண்டு பக்கமும் தலைவலி குறைவு. படத்தில் ஆள் முகம் தெளிவாக விழுந்தால் அது வேறு சட்டம், விற்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

சூரிச் பொடியன்:

ப்ராட்டர் பூங்காவில இருக்கிற பெரிய ராட்டினத்தில ஏறினா கண்ணாடிக்குள்ளால எப்பிடி எடுக்கிறது? எனக்கு எல்லாத்திலயும் என்ர சேட்டுத்தான் தெரியுது.

கோவை க்ளிக்ஸ்:

கறுப்பு டி-ஷர்ட் போட்டுக்கிட்டு, லென்ஸை கண்ணாடியோட ஒட்டி வெச்சு, சுத்தி கையாலயோ துணியாலயோ மறைச்சுக்கோங்க தம்பி. 1897ல கட்டின ராட்டினம், மெதுவாத்தான் சுத்தும், அவசரமே இல்லை. போலரைசர் ஃபில்டர் மாட்டினா கண்ணாடியில கலர் திட்டு விழலாம், கழட்டிருங்க.