கரீபியன் தீவில் முதல் நாள்: தம்பதியாகச் சென்றவர்களின் அனுபவங்கள்

காரைக்கால் மருமகள்:

பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட குவாதலூப் தீவைப் பற்றி இங்குள்ள பலருக்கும் தெரியும் என்பதால், விமானம், வாடகைக் கார் பற்றிய விவரங்களை விட்டுவிட்டு நேராக அன்று மாலைக்கு வருகிறேன். பாரிஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட நானும் கணவரும், கப்பெஸ்தேர்-பெல்-ஓ ஊரில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு வீட்டு விடுதியில் தங்க ஏற்பாடு செய்திருந்தோம். வரும் வழியில் சாலையோரத்திலேயே ஷாஞ்சி என்ற இந்துக் கோயில் தென்பட்டது. வண்ணச் சிலைகள் நிறைந்த அதன் முகப்பைக் கண்டதும் கணவர் காரை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டார். இவை எல்லாம் எதிர்பார்த்தவைதான்.

விடுதியை நடத்தும் அம்மையார் சாவி கொடுக்க வந்தபோது, என் தாலியைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். பிறகு எங்களைத் தம் கூடத்துக்கு அழைத்துச் சென்று, சுவரிலிருந்த பழைய புகைப்படம் ஒன்றைக் கழற்றி என் கையில் கொடுத்தார். புடவை கட்டி, மூக்குத்தியும் காலில் காப்பும் அணிந்த இளம்பெண் ஒருத்தி, நாற்காலியின் விளிம்பில் அமர்ந்திருந்தாள். அவருடைய கொள்ளுப்பாட்டி. "இவரைப் பார்த்தால் எந்த ஊர்க்காரர் என்று உங்களால் சொல்ல முடியுமா?" என்று அவர் பிரெஞ்சில் கேட்டார்.

1848இல் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதும், 1854 டிசம்பர் 24ஆம் நாள் 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளுடன் இத்தீவின் புவாந்த்-ஆ-பீத்ர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததும், 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு வந்திறங்கியதும் நான் படித்தறிந்தவைதான். படித்ததில் எதுவும் அந்தக் கேள்விக்கு உதவவில்லை. கணவர் நெடுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "புடவைக் கட்டைப் பார்த்தால் எங்கள் பக்கம்போல இருக்கிறது, காரைக்காலில் கப்பல் ஏறியிருக்கலாம்" என்றார். தம்முடைய தாயாரும் இந்தியாவிலிருந்து வந்த ஒவ்வொருவரிடமும் இதையே கேட்டதாகச் சொன்ன அம்மையார், படத்தை மீண்டும் சுவரில் மாட்டினார். இரவு வாழையிலையில் கொலம்போ என்று அங்கே சொல்லும் ஆட்டுக்கறிக் குழம்பைப் பரிமாறினார். எங்களால் ஒழுங்காகச் சாப்பிட இயலவில்லை.

கடற்கரை நடையர்:

மேலே எழுதிய சகோதரியின் அனுபவம் மதிப்புக்குரியது. ஆயினும் முதல் நாள் அங்கே செல்லும் தம்பதியர் உயிர்ப் பாதுகாப்புக் கருதி அறிந்திருக்க வேண்டியது வேறொன்று என்பதால் எழுதுகிறேன். மொன்றியல் குளிரிலிருந்து சென்ற நாங்கள், பெட்டியைக்கூடத் திறக்காமல் கிராந்த் ஆன்ஸ் கடற்கரைக்குப் போனோம். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. என் மனைவி தழைத்து நின்ற ஒரு மரத்தடியை நோக்கி ஓடினார். மரக் குடுவையில் கைப்பிடியைச் சுற்றித் தேங்காய்ப்பால் ஐஸ் தயாரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், அதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, மனைவியின் முழங்கையைப் பிடித்து மழைக்குள் இழுத்தார். அச்சத்தால் மனைவி கூச்சலிட்டார். பெரியவரோ எதுவும் பேசாமல் அடிமரத்தைச் சுட்டிக்காட்டினார். நாங்கள் வந்த பக்கத்திலிருந்து புலப்படாதபடி, அதன் மறுபுறத்தில் சிவப்பு வண்ணம் பூசியிருந்தது.

அது மான்சினீல் மரம். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். இலைகளின் வழியே வடியும் மழைநீர் பட்டாலும் அப்படியே. சிறிய பச்சை ஆப்பிளைப் போன்ற அதன் கனி இனிப்பாகவே இருக்குமாம், சிறிது நேரத்தில் தொண்டை எரிந்து வீங்கிவிடும். அதன் கட்டையை எரித்தால் எழும் புகை கண்களைப் பாதிக்கும். இவ்வளவு கொடிய மரத்தை ஏன் வெட்டுவதில்லை என்று அன்று கோபப்பட்டேன். கடற்கரை மணலை அரிக்கவிடாமல் அதன் வேர்கள்தாம் பிடித்து வைத்திருக்கின்றன என்பதைப் பின்னர் அறிந்தபோது கோபம் தணிந்தது. அந்தப் பெரியவர் நனைந்தபடியே நின்ற முகம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. நாங்கள் நன்றி சொன்னபோது அவர் மனைவியின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு துளியும் படவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே திரும்பிச் சென்றார்.

நொய்யல்:

மரத்துக்காவது சிவப்பு அடையாளம் உண்டு. எங்களுக்கு நேர்ந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. கிழக்குக் கரையில், கடலைப் பார்த்த அறை. படங்களில் நீலமாக இருந்த கடல், நாங்கள் சென்ற அன்று கரையோரம் முழுவதும் பழுப்பாகக் கிடந்தது. சர்காசம் கடற்பாசி. 2011 முதல் அது கரீபியன் கரைகளில் பெருமளவில் ஒதுங்குவதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், அழுகும்போது கெட்ட முட்டையின் நாற்றம் வீசும் என்பதும் தெரிந்ததே. யாரும் எழுதாதது என்னவென்றால், அன்று இரவு படுக்கும்போது என் காலில் இருந்த மெட்டிகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. திருமணத்தன்று அணிவித்த மெட்டிகள் அவை. என் கணவர் கட்டிலில் அமர்ந்து அவற்றைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கறுப்பு போகவில்லை. அழுகும் பாசியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியைக் கறுக்க வைக்கும் என்று விடுதிப் பணியாளர் விளக்கினார். அருகில் குடியிருப்பவர்களின் வீடுகளில் தொலைக்காட்சியும் குளிர்சாதனக் கருவிகளும்கூடப் பழுதாகின்றன என்றார். நாங்கள் ஒரு வாரத்தில் ஊர் திரும்பிவிடுவோம். அந்தக் காற்றையே ஆண்டுதோறும் மாதக்கணக்கில் சுவாசிக்கும் குடும்பங்களை நினைத்து அன்று நான் உறங்கவில்லை.

கடற்கரை நடையர்:

நொய்யல் அவர்களே, அதனால்தான் மேற்குக் கரையில் அறை எடுக்க வேண்டும் என்கிறேன். காற்றும் நீரோட்டமும் பாசியைப் பெரும்பாலும் அட்லாண்டிக்கைப் பார்த்த கரைகளிலேயே தள்ளுகின்றன.

நொய்யல்:

நான் அறையைப் பற்றி எழுதவில்லை.

பதிவேடு தேடுபவர்:

முதலில் எழுதிய சகோதரியின் கணவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. கப்பல் ஏறிய துறைமுகம் வேறு, பிறந்த ஊர் வேறு. 1861இல் பிரிட்டனுடன் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலும் முறைப்படி ஆள் எடுக்கும் உரிமை பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தது. ஆகவே காரைக்காலில் ஏறியவர் தஞ்சைக்காரராகவோ தென்னார்க்காட்டுக்காரராகவோ தெலுங்கு நாட்டவராகவோ இருந்திருக்கலாம். கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட கப்பல்களும் உண்டு. மேலும், நிழற்படக் கூடத்தில் எடுத்த படத்தில் உள்ள புடவைக் கட்டை வைத்து ஊரை முடிவு செய்வது, நெடுங்காலமாக ஒரு பதிலுக்குக் காத்திருக்கும் குடும்பத்தைத் தவறான திசையில் அனுப்பிவிடும்.

அந்த அம்மையாருக்கு நீங்கள் எழுத வேண்டியது இதுதான். பாட்டியின் இறப்புப் பதிவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அதிலிருந்து திருமணப் பதிவுக்கும், அங்கிருந்து பெற்றோரின் பெயர்களுக்கும் பின்னோக்கிச் செல்ல வேண்டும். எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகம், குவாதலூப்பின் 19ஆம் நூற்றாண்டுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைத் தன் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்க வைத்திருக்கிறது. தீவிலேயே, கூர்பேர் ஊரில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு அவர் நேரில் செல்லலாம். இந்தியக் குடியேறிகளின் பதிவுகள் பலவற்றில், வந்த கப்பலின் பெயரும் அவர்களுக்குத் தரப்பட்ட எண்ணும் இருக்கும். அந்த இரண்டும் கிடைத்துவிட்டால் மீதியைத் தேட வழி உண்டு. பெயர்களை எழுதியவர்கள் பிரெஞ்சு எழுத்தர்கள் என்பதால், ஒரே ஆளின் பெயர் பதிவுக்குப் பதிவு மாறியிருக்கும். ஆகவே பெயரைவிட எண்ணையே நம்பச் சொல்லுங்கள். அதே கப்பெஸ்தேரில் பிறந்த ஆன்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினரைப் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்க வேண்டும் என்று 1904 முதல் 1923 வரை வழக்காடினார். அந்த அம்மையார் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருப்பதோடு நின்றுவிடக் கூடாது.

காரைக்கால் மருமகள்:

பதிவேடு தேடுபவர் அவர்களுக்கு நன்றி. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: என் கணவர் ஊரை முடிவு செய்யவில்லை, "ஏறியிருக்கலாம்" என்றுதான் சொன்னார். எதிரில் எழுபது வயதைக் கடந்த ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது, துறைமுகம் வேறு, ஊர் வேறு என்று பாடம் நடத்த முடியுமா? அவர் எதிர்பார்த்தது, தம் கொள்ளுப்பாட்டியின் முகத்தை எங்கோ பார்த்திருப்பதாக யாரேனும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதைத்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

இருப்பினும் நீங்கள் எழுதியதை நேற்று இரவு கணவர் பிரெஞ்சில் எழுதி அவருக்கு அனுப்பியுள்ளார். பாட்டி இறந்த ஆண்டு அவருக்குத் தெரியுமாம், கொள்ளுப்பாட்டி வேலை செய்த தோட்டம் எது என்பதும் தெரியுமாம். தோட்டத்தின் பெயரைக் கொண்டு தேட வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அறிந்தவர்கள் எழுதுங்கள்.